பருவ நோயும் பெற்றோர் பணிவிடையும்

(ஆடிப் பௌர்ணமியன்று சித்தூர் மாவட்டம் வெதுருகுப்பத்தில் கூடிய உபாசக உபாசிகைகளிடையே நிகழ்த்திய தம்ம உரை)



தெலுங்கில் வெதுரு என்றால் மூங்கில். மூங்கிலின் பெயரைத் தாங்கிய இவ்வூரில் கூடியிருக்கும் நமக்கு வேறொரு மூங்கிற் சோலை நினைவுக்கு வருதல் இயல்பே. மகத நாட்டில் இராசகிருக நகரத்தின் புறத்தே வேணுவனம் என்றொரு சோலை இருந்தது. பிம்பிசார மன்னன் அதனைப் பகவான் புத்தருக்கும் பிக்கு சங்கத்துக்கும் தானமாக அளித்தான். அச்சோலையில் தங்கியிருந்தபோது பகவான் அருளிய போதனைகள் பலவற்றுள் இரண்டினை இன்று எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு உரைத்தது. ஆறு திசைகளையும் கைகூப்பி வணங்கிக்கொண்டிருந்த அவ்விளைஞனிடம், கிழக்குத் திசை என்பது தாயும் தந்தையுமே என்று பகவான் விளக்கினார். மக்கள் பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்தினை எடுத்துரைத்தபோது, தம்மை வளர்த்தவர்களைத் தாம் பேணுவதையே அவற்றுள் முதலாவதாக வைத்தார்.

இரண்டாவது, மோலிய சீவகன் என்னும் துறவிக்கு உரைத்தது. மனிதன் அடையும் இன்பதுன்பங்கள் யாவும் முற்பிறவியின் வினைப்பயனே என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா என்று அவன் வினவினான். பகவான் அதனை ஒப்பவில்லை. துன்ப உணர்ச்சி தோன்றுவதற்குக் காரணங்கள் எட்டு என்று வகுத்துக் காட்டினார். பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றும் கலந்த நிலை, பருவ மாற்றம், முறைகெட்ட வாழ்க்கை, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன் என்பனவே அவை. எட்டில் ஒன்றே வினை. ஏனையவற்றை ஒவ்வொருவரும் தம் அநுபவத்தாலேயே அறியலாம். உலகமும் அவ்வாறே ஒப்புகிறது. அங்ஙனமிருக்க எல்லாம் வினை என்போர் தாம் அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பதே பகவானின் முடிபு.

அன்பர்களே! பருவ மாற்றம் என்று ஒரு தனிக் காரணம் அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நோய்க்குப் பருவம் காரணமாகும் என்று சொல்லி, அதனை வினைக்கணக்கிலிருந்து பிரித்து வைத்தவர் நம் ஆசான். நாமோ பௌத்தத்தைத் தழுவிய பின்னும் பழைய சொற்கள் இரண்டினை வாயிலிருந்து விலக்காமல் இருக்கிறோம். தந்தை காய்ச்சலில் கிடந்தால் 'எல்லாம் தலையெழுத்து' என்கிறோம். தாய் உண்ணாமல் சுருண்டு படுத்தால் 'வயதானால் அப்படித்தான்' என்கிறோம். முதற்சொல் அறியாமையிலிருந்து பிறக்கிறது. இரண்டாவது சோம்பலிலிருந்து பிறக்கிறது. மருந்தால் மீளக்கூடிய எத்தனையோ முதியோரை இவ்விரு சொற்களும் சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்கின்றன. மூப்பு வேறு, நோய் வேறு. சித்தார்த்தர் நகர்வலம் சென்றபோது முதியவரையும் நோயாளியையும் தனித்தனியாகவே கண்டார் என்று நம் நூல்கள் சொல்வதை மறவாதிருங்கள். மூப்பை நீக்க இயலாது. ஆனால் மூப்பின் மேல் வந்து ஏறும் நோயைப் பெரும்பாலும் தடுக்கலாம், தணிக்கலாம், தீர்க்கலாம்.

பார்த்து அறிதல்

ஒரு சமயம் சாவத்தி நகரில் பிக்குகள் பலருக்கு மழைக்குப் பின் வரும் கூதிர்ப் பருவத்தின் நோய் கண்டது. உண்ட கஞ்சியும் சோறும் உடலில் தங்கவில்லை. மேனி மெலிந்தது, நிறம் வெளுத்து மஞ்சளித்தது, நரம்புகள் புடைத்துத் தோன்றின. அவர்களுள் எவரும் வந்து முறையிட்டதாக விநயநூல் கூறவில்லை. பகவானே அவர்களைக் கண்ணால் கண்டு, ஏன் இவர்கள் இவ்வாறு மெலிந்திருக்கிறார்கள் என்று ஆனந்தரிடம் வினவினார். காரணம் அறிந்ததும் தனித்திருந்து சிந்தித்தார். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஆகிய ஐந்தினையும் மருந்தாக உட்கொள்ளலாம் என்று விதித்தார். நண்பகலுக்குள் மட்டும் உண்டு அவர்கள் தேறாததைக் கண்டு, நேரங்கடந்தும் அவற்றைக் கொள்ளலாம் என்று தம் விதியையே தளர்த்தினார்.

இந்நிகழ்ச்சியில் நமக்குப் பாடங்கள் மூன்று உள்ளன. நோயாளி சொல்லும்வரை காத்திராமல் பார்த்து அறிதல் முதற்பாடம். காரணத்தை விசாரித்தல் இரண்டாம் பாடம். நோயாளிக்காக வழக்கத்தை மாற்றிக்கொள்ளுதல் மூன்றாம் பாடம். இங்கு ஓர் எச்சரிக்கையும் சொல்வோம். நம் சித்தூர்ச் சீமை வெல்லத்துக்குப் பெயர்பெற்றது. பகவான் விதித்த மருந்தாயிற்றே என்று நீரிழிவுள்ள தந்தைக்கு வெல்லப்பாகு ஊட்டிவிடாதீர்கள். மெலிந்த பிக்குகளுக்கு ஏற்றதாயிருந்தது அவருக்கு ஏற்காததாகும். ஏற்றது எது, ஏற்காதது எது என்று அறிவதே தம்மம்.

நாம் நூற்பாலையில் பணிபுரிந்த நாட்களில் ஓர் உண்மையைக் கற்றோம். ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் காது செவிடுபடும் இரைச்சல் இருக்கும். ஆயினும் பழகிய தொழிலாளி, பேரிங் தேய்வதை அது சூடேறிப் புகைவதற்கு முன்னரே ஓசையால் அறிவான். எவ்வாறு? இயந்திரம் நன்றாக ஓடும்போது எழுப்பும் ஓசையை அவன் நாள்தோறும் கேட்டிருக்கிறான்; அதில் சிறு வேறுபாடு தோன்றினும் அவன் காதுக்குத் தெரிந்துவிடும். பெற்றோரை அறிவதும் அத்தகையதே. தந்தை எத்தனை மணிக்கு எழுவார், எத்தனை உருண்டைக் களி உண்பார், எவ்வளவு தூரம் நடப்பார், இரவில் எத்தனை முறை எழுவார், பேச்சு எப்படியிருக்கும் என்பன நலமான நாட்களில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவன் மாற்றத்தை எங்ஙனம் காண்பான்?

இளைஞருக்குக் காய்ச்சல் கண்டால் உடல் கொதிக்கும். முதியோருக்கு அவ்வாறன்று. நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ கடுமையான நோய் பற்றியிருந்தும் உடற்சூடு சிறிதே ஏறலாம். சிலருக்கு ஏறாமலும் இருக்கலாம். அவர்கள் திடத்தில் 100 டிகிரி பாரன்ஹீட்டையே பெருங்காய்ச்சலாக மதிக்க வேண்டும். வேறு குறிகளையும் பார்க்க வேண்டும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று நாள் கிழமை தெரியாமல் குழறுதல், பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் பிதற்றுதல், உணவை வெறுத்தல், காரணமின்றித் தடுமாறி விழுதல், படுக்கையில் அறியாமல் சிறுநீர் கழித்தல், மூச்சு வேகமாதல் ஆகியவை ஒன்றிரண்டு நாட்களுக்குள் புதிதாகத் தோன்றினால் அது மூப்பன்று, நோய். கிழவிக்குப் பேய் பிடித்தது என்று வேப்பிலை தேடிச் செல்லாதீர்கள். அவ்வகைத் திடீர்க் குழப்பம் பெரும்பாலும் உடலுக்குள் மூண்ட நோயின் அறிவிப்பே. காரணத்தைக் கண்டு மருந்திட்டால் பலர் தெளிவடைகின்றனர்.

மூச்சை எண்ணுவதற்குக் கல்வி வேண்டியதில்லை. அமைதியாய்ப் படுத்திருக்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஆனாபானசதி பயிலும் நாம் நம் மூச்சைக் கவனிக்கிறோம். பெற்றோர் மூச்சையும் சற்றுக் கவனிப்போம். நிமிடத்துக்கு 25-க்கு மேல் சென்றால் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். 30-ஐ எட்டினால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

பருவங்கள் மூன்றும் அவற்றின் நோய்களும்

கோடையை முதலில் பார்ப்போம். இராயலசீமையின் சித்திரை வைகாசி வெயிலை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் மாண்டனர். முதியோருக்குத் தாகவுணர்ச்சி குறைந்துவிடும். உடலில் நீர் வற்றியிருந்தும் அவர்கள் தண்ணீர் கேட்பதில்லை. இரவில் எழ வேண்டியிருக்குமே என்று அஞ்சி வேண்டுமென்றே குடியாதிருப்போரும் உண்டு. ஆகவே 'வேண்டுமா?' என்று வினவாமல் மணிக்கொரு முறை சிறு குவளையில் நீரோ, மோரோ, நீர்த்த கூழோ கையிற் கொடுங்கள். சிறுநீர் கடுமஞ்சளாகவும் குறைவாகவும் போனால் நீர் போதவில்லை என்று பொருள். இருதயமோ சிறுநீரகமோ கெட்டவருக்கு எவ்வளவு நீர் தகும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரிவதற்கும் உண்ணும் மாத்திரைகள் கோடையில் சிலருக்குத் தலைச்சுற்றல் தரும்; தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தகரக் கூரையின் கீழ் உச்சிவேளையில் முதியவரைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள். மரநிழலோ, ஓட்டு வீடோ, அண்டை வீட்டுத் திண்ணையோ பாருங்கள். உடல் நெருப்பாய்க் கொதித்து அறிவு மயங்கினால் அது வெப்பத் தாக்கு. அப்போது வாயில் நீர் ஊற்றலாகாது, மூச்சுக்குழலில் புகும். நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

அடுத்தது மழைக்காலம். நம் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதியும் சுற்றூர்களும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் கண்டோம். நீர் கலங்கினால் வயிறு கலங்கும். முதியவருக்கு நான்கு முறை பேதியானால் இளைஞருக்குப் பத்து முறை ஆனதற்கு ஒப்பாகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். பொட்டலத்தில் குறித்த அளவு காய்ச்சி ஆறிய நீரில் முழுவதையும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். பொட்டலம் இல்லையேல் ஒரு லிட்டர் நீருக்குச் சர்க்கரை ஆறு சிறு கரண்டி, உப்பு அரைச் சிறு கரண்டி, தலைதட்டிய அளவு.

டெங்குக் கொசு பகலிற் கடிக்கும். வீட்டைச் சுற்றிய தொட்டியிலும் ஓட்டிலும் தேங்கிய தெளிந்த நீரில் பெருகும். காய்ச்சல் தணியத் தொடங்கும் நாளே சிலருக்கு அபாய நாளாகும். சூடு இறங்கிவிட்டது என்று மகிழ்ந்திருக்கையில் வயிற்றுவலி, ஓயா வாந்தி, ஈறுகளில் குருதி, அயர்வு தோன்றினால் உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். மழைக்காலக் காய்ச்சலுக்குக் கடையில் கேட்டு ஆஸ்பிரின், டைக்ளோபெனாக், புரூபென் முதலிய வலிமாத்திரைகளைக் கொடுக்கலாகாது. டெங்குவாயின் குருதி ஒழுக்கை அவை மிகுவிக்கும். அளவறிந்த பாரசிட்டமால் போதும்.

மழை ஓய்ந்து பனி தொடங்கும் காலத்துக்குரிய ஒரு காய்ச்சலை இவ்விடத்தில் விரித்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சித்தூரிலும் திருப்பதியிலும் வேலூரிலும் மருத்துவர்கள் நன்கறிந்தது. ஊரார் பலர் பெயர்கூட அறியாதது. ஸ்கிரப் டைபஸ் என்பது அதன் பெயர்; உண்ணிக் காய்ச்சல் என்று தமிழில் வழங்குகின்றனர். கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறிய உண்ணி இனப் பூச்சியின் இளங்குஞ்சு, புதரிலும் புல்லிலும் இருந்து மனிதர்மேல் ஏறிக் கடிப்பதால் இது வருகிறது. ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர், கடலைக் கொல்லையிலும் மாந்தோப்பிலும் தரையில் அமர்ந்து வேலை செய்பவர் யார்? நம் தாய்தந்தையரே. கடித்த இடத்தில், பீடியால் சுட்டதுபோல் கருத்த பொருக்கு ஒன்று உண்டாகலாம். அது வலிக்காது, அரிக்காது. ஆகவே நோயாளிக்கே தெரியாது. அக்குளில், மார்பின் கீழ், இடுப்புக் கயிற்றின் அடியில், தொடையிடுக்கில் மறைந்திருக்கும். பொருக்கு எல்லாருக்கும் தோன்றுவதில்லை. தோன்றினால் அதுவே பெருஞ்சான்று.

தலைவலியும் உடல்வலியும் இருமலும் கூடிய காய்ச்சலாய்த் தொடங்கி, கவனியாது விட்டால் நுரையீரலையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிர் கவரும் நோய் இது. ஆயினும் தொடக்கத்திலேயே அறிந்தால் டாக்சிசைக்ளின் என்னும் எளிய, விலை குறைந்த மாத்திரைக்குப் பணிந்து போவது. பலருக்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் வழக்கமாகப் போடும் பெனிசிலின் இன மருந்துகள் இதற்குப் பயன்படா. ஊரில் நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்து மருத்துவமனை சேர்வோர் படும் பாடு இதனாலேயே. ஆகவே மூன்று நாள் காய்ச்சல் நீடித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். இவர் கொல்லையில் வேலை செய்பவர், இது உண்ணிக் காய்ச்சலாய் இருக்குமா என்று அஞ்சாமல் வினவுங்கள். வினவுவது மருத்துவரை அவமதிப்பதன்று.

இங்கே ஒரு கூச்சம் குறுக்கிடும். தாயின் மேனியை மகன் எங்ஙனம் பார்ப்பது? மருமகளோ மகளோ நீராட்டும்போது பார்க்கட்டும். தந்தையை மகன் பார்க்கட்டும். பிள்ளையாய் இருந்தபோது நம் மேனியில் ஒரு சிரங்கு தோன்றினும் முதலிற் கண்ட கண்கள் அவர்களுடையவை. அக்கண்கள் மங்கிய பின் நம் கண்களைக் கடனாகக் கொடுப்பதில் வெட்கம் ஏது?

இறுதியில் பனிக்காலம். மார்கழித் தை மாதங்களில் விடியற்பனி நெஞ்சைப் பிடிக்கும். விறகடுப்புப் புகையும் சேர்ந்தால் இருமலும் இளைப்பும் பெருகும். கதவடைத்த அறையில் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்வது உயிருக்கு இறுதி. அந்த நச்சுப்புகை உறக்கத்திலேயே கொல்லும். இரண்டு வாரம் கடந்த இருமலுக்குக் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். ஆண்டுதோறும் போடும் இன்புளுயன்சா தடுப்பூசி பற்றியும், நிமோனியாத் தடுப்பூசி பற்றியும் மருத்துவரைக் கேளுங்கள். பேரனுக்கு ஊசி போட மறவாத குடும்பம் பாட்டனை மறப்பது முறையோ?

பணிவிடைக்குரிய ஐந்து தகுதிகள்

நோயாளிக்குப் பணிபுரிவோனுக்கு ஐந்து தகுதிகள் வேண்டும் என்று பகவான் விதித்தார். மருந்தை ஆயத்தம் செய்யத் தெரிதல் முதலாவது. இன்று அதற்குப் பொருள், எந்த மாத்திரை எந்த வேளை என்பதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுதல். அத்தாளையே மருத்துவமனைக்கும் கொண்டு செல்லுதல். ஏற்றதைக் கொணர்ந்து ஏற்காததை விலக்குதல் இரண்டாவது. நோயில் நாக்கு கேட்பதையெல்லாம் கொடுப்பதும் அன்பன்று. பத்தியம் என்று பட்டினி போடுவதும் அன்பன்று. கஞ்சியும் பருப்பும் மென்மையான சோறும் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதே முறை.

மூன்றாவது, ஆதாயம் கருதாமல் இரக்கத்தால் செய்தல். காணியில் எனக்கு எத்தனை சென்ட் என்று கணக்கிட்டுக்கொண்டு ஊட்டும் கஞ்சி முதியவர் தொண்டையில் இறங்காது. நான்காவது, மலம், சிறுநீர், எச்சில், வாந்தி இவற்றை அகற்ற அருவருக்காமை. ஐந்தாவது, அவ்வப்போது நல்லுரை சொல்லி நோயாளியின் உள்ளத்தை மகிழ்வித்தல். கைப்பேசியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கஞ்சிக் கிண்ணத்தை நீட்டுபவன் முதல் நான்கையும் செய்து ஐந்தாவதில் தவறுகிறான். அருகில் அமர்ந்து பழைய கதையை மீண்டும் ஒருமுறை கேளுங்கள். அவர்கள் நூறாவது முறை சொல்லட்டும், கேட்பது தானம்.

நான்காம் தகுதியைப் பற்றி ஒரு சொல். மலம் அள்ளும் வேலையை ஒரு சிலர் தலையிற் கட்டி, அவர்களையே தீட்டென்று ஒதுக்கிய சமுதாயத்தில் வாழ்ந்து வந்தவர்கள் நாம். ஆனால் நம் ஆசான் செய்தது என்ன? வயிற்றுக்கடுப்பால் தம் மலத்திலேயே புரண்டு கிடந்த ஒரு பிக்குவைக் கண்டார். கவனிப்பார் எவருமில்லை, ஏனெனில் அவர் பிறருக்கு எந்தப் பணியும் செய்ததில்லை. பகவான் ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் செய்தார். பகவான் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பகவான் தலைப்பக்கம் பிடிக்க, ஆனந்தர் கால்பக்கம் பிடிக்க, இருவரும் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டி, உங்களைப் பேணத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை, ஒருவரையொருவர் பேணாவிட்டால் வேறு யார் பேணுவார் என்ற கருத்தை உரைத்தார். தமக்குப் பணிசெய்ய விரும்புபவர் நோயாளிக்குப் பணிசெய்யட்டும் என்றும் கட்டளையிட்டார். உலகம் போற்றும் கைகளே கழுவ முன்வந்த பிறகு, அப்பணியில் இழிவு எங்கே நிற்கும்? மருமகளின் வேலை என்று அதனை ஒதுக்கித் தள்ளும் மகன் எந்தப் பௌத்தன்?

முதியோருக்கு ஒரு விண்ணப்பம்

இங்கு அமர்ந்திருக்கும் தாய்மாரே, தந்தைமாரே! பணிசெய்வோனுக்கு விதித்ததுபோலவே நோயாளிக்கும் பகவான் ஐந்து விதித்தார். ஏற்றதைச் செய்தல், ஏற்றதிலும் அளவறிதல், மருந்தை உட்கொள்ளுதல், நோயின் உண்மையை மறையாமல் உரைத்தல், வலியைப் பொறுத்தல் என்பன அவை. இவற்றுள் நான்காவதை உங்கள்முன் வைக்கிறோம். நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதைப் பணிசெய்வோனுக்கு உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது பகவானின் வாக்கு. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? 'எனக்கு ஒன்றுமில்லை, நீ வேலைக்குப் போப்பா' என்கிறீர்கள். மகனுக்கு ஒருநாட் கூலி போய்விடுமே, ஆட்டோவுக்குப் பணம் வேண்டுமே என்று எண்ணி நோயை முந்தானையில் முடிந்து வைக்கிறீர்கள். அது அன்பே, நாம் மறுக்கவில்லை. ஆயினும் முதல்நாள் மறைத்த காய்ச்சல் எட்டாம்நாள் கடனாக வெளிப்படும். நூறு ரூபாய் மாத்திரையால் தீர்ந்திருக்க வேண்டியது நிலத்தை அடகு வைத்தும் தீராமற் போகும். மறைப்பதும் பொய்யே. பஞ்சசீலத்தின் நான்காம் சீலத்தை உங்கள் உடலின் திறத்திலும் காத்தருளுங்கள்.

தூரத்திலிருக்கும் மக்களுக்கு

நம் பிள்ளைகள் பலர் திருப்பதியிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பிழைக்கின்றனர். அவர்களைக் குறை சொல்வது எளிது. வயிறு அவர்களை அங்கே அனுப்பியிருக்கிறது. மாதந்தோறும் பணம் அனுப்புகின்றனர். ஆனால் பணம் நெற்றியைத் தொட்டுப் பார்க்குமா? பெற்றோரைப் பேணாத மக்கள்மீது வழக்கிட 2007-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டத்தால் ஜீவனத் தொகை வாங்கித் தர முடியும். அன்பை வாங்கித் தர அதனால் இயலாது.

ஆகவே தூரத்தில் இருப்போர் செய்யத்தக்கவற்றைச் சொல்வோம். நாள்தோறும் ஒரே வேளையில் பேசுங்கள். 'நலமா?' என்று கேட்டால் 'நலம்' என்றே விடை வரும். இன்று என்ன உண்டீர்கள், யார் வீட்டுக்கு நடந்தீர்கள், இரவு உறங்கினீர்களா என்று கேளுங்கள். குரலில் இளைப்போ குழறலோ தெரிந்தால் அண்டை வீட்டாரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக அண்டை வீட்டார் ஒருவரிடம் முன்னதாகவே சொல்லி, அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 108 ஊர்தி 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் ஆந்திர மாநிலத்தில்தான் தொடங்கப்பட்டது. நம் மண்ணில் பிறந்த அவ்வுதவியை அழைக்க நம் முதியோருக்கே தெரியாதிருப்பது வருந்தத்தக்கது. எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பிள்ளையற்றவர்களும் பிள்ளை மறந்தவர்களும் நம் ஊரில் உண்டு. அவர்களுக்கு யார்? வயிற்றுக்கடுப்புற்ற பிக்குவின் வரலாறு அதற்கு விடை கூறிவிட்டது. இதே இராயலசீமையில் கர்னூல் மாவட்டத்து எர்ரகுடிப் பாறைகளில் அசோக மாமன்னரின் சாசனங்கள் இன்றும் நிற்கின்றன. தாய்தந்தையருக்குப் பணிந்து நடக்க வேண்டும் என்ற கட்டளையும், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் ஏற்படுத்தி மூலிகைகளை நடுவித்த செய்தியும் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பெற்றோரைப் பேணுவதையும் பிறர் நோயைத் தீர்ப்பதையும் ஒரே அறமாகக் கண்டவர் அவர். நமக்குப் பேரரசு இல்லை. ஆனால் நம் சங்கம் இருக்கிறது. ஒவ்வொரு பௌர்ணமியிலும் கூடும்போது, இம்மாதம் தனித்திருக்கும் முதியோர் எவர், அவர்களைப் பார்த்து வரும் முறை எவருடையது என்று பெயர் குறித்துக்கொள்வோம். வெப்பமானி ஒன்றும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் சிலவும் சங்கத்தில் எப்போதும் இருக்கட்டும். மலர் வைத்து வணங்கும் பீடத்தின் அருகே அவையும் இருப்பதால் பீடத்தின் தூய்மை குன்றாது.

தாயை ஒரு தோளிலும் தந்தையை மறு தோளிலும் சுமந்து நூறாண்டு திரிந்தாலும், அங்கேயே அவர்கள் மலசலம் கழிக்கப் பொறுத்தாலும், அக்கடன் தீராது என்று பகவான் உரைத்திருக்கிறார். அவ்வளவு பெரிய கடனுக்கு நாம் இன்று கேட்கும் வட்டி மிகச் சிறியது. இன்றிரவு வீடு சென்றதும் அவர்கள் அருகே அமருங்கள். நெற்றியில் கைவையுங்கள். ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இன்று என்ன உண்டார்கள் என்று கேளுங்கள். நலமாயிருந்தால் அந்நலத்தின் ஓசையை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள். நாளை அது மாறினால் உங்கள் காது அறியும்.

மழைக்காலம் வந்துகொண்டிருக்கிறது. நம் பெற்றோர் யாவரும் இப்பருவத்தை நலமுடன் கடப்பாராக! தாய்தந்தையற்றோர் நம் கைகளில் மக்களைக் காண்பாராக!

சாது! சாது! சாது!